ஒன்பதில் நின்ற முள்

வண்டியைக் கழுவ வேண்டாம், உள்ளே எதையும் தடவ வேண்டாம், காலையிலிருந்தே கண்ணாடிகளை ஏற்றி வெயிலில் நிறுத்தி வையுங்கள் என்று நேற்றே போனில் சொல்லியிருந்தும் நசீர் பாய் டேஷ்போர்டுக்குப் பாலிஷ் போட்டிருந்தார். கதவைத் திறந்ததுமே பஞ்சாட்சரத்துக்குத் தெரிந்துவிட்டது. மேலே எலுமிச்சை வாசனை, அதற்கு அடியில் எண்ணெய், அதற்கும் அடியில் சூடேறிய பிளாஸ்டிக்கின் சொந்த வாசனை. கடைசியில் இருப்பதுதான் அவருக்கு வேண்டியது. கூடுவாஞ்சேரி தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இருபது இருபத்தைந்து பழைய வண்டிகள் நிற்கும் இடம் அது. தகரக் கொட்டகை நிழலில் நின்றுகொண்டு நசீர் பாய் தன் வழக்கமான பாட்டைத் தொடங்கினார்.

"ஒரே ஓனர் சார். டாக்டர் வண்டி. வாரத்துல ஒரு நாள் எடுப்பாரு, அவ்ளோதான்."

"நீங்க விக்கிற எல்லா வண்டியுமே டாக்டர் வண்டிதானா பாய்?" என்றாள் இந்துமதி.

"இன்ஜினியர் வண்டியும் இருக்கு தங்கச்சி. ஆனா அவங்க தானே ரிப்பேர் பாத்துக் கெடுத்து வச்சிருப்பாங்க."

இந்துமதி சிரித்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். "இன்ஜினெல்லாம் மெக்கானிக் நேத்தே பாத்து நல்லாருக்குன்னுட்டாருப்பா. நீங்க உள்ள மட்டும் பாருங்க. உங்க பிளாஸ்டிக்க. பத்து நிமிஷம் போதுமா?"

"அரை மணி."

"அரை மணியா! எனக்கு மாப்பிள்ளை பாக்கக்கூட நீங்க அவ்ளோ நேரம் எடுத்துக்கல."

பஞ்சாட்சரம் இடதுபக்க முன்சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். அப்பா வெந்துபோய்விடக் கூடாது என்று அவள் கண்ணாடியை நாலு விரல் இறக்கிவிட்டுப் போனாள். முதலில் அவர் எதையும் தொடவில்லை. சூடு முதுகிலும் தொடையிலும் ஏறி, மூக்கு அந்த இடத்துக்குப் பழகுகிறவரை சும்மா இருந்தார். முப்பத்தொரு வருஷம் மறைமலை நகர்ப் பக்கம் கார்களுக்கு உள்பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இருந்தவர் அவர். பிளாஸ்டிக் குருணை மூட்டை தூக்கத்தான் போனார். விளிம்பைக் கொளுத்தி, அணைத்து, புகையை முகர்ந்து எது எந்த ஜாதி என்று தானாகக் கற்றுக்கொண்டு சோதனைப் பிரிவு வரை ஏறினார். ஒன்று அணைந்த மெழுகுவத்தி மாதிரி வாசனை விடும். ஒன்று கண்ணைக் கரிக்கும். நைலான் தலைமுடி கருகுகிற மாதிரி. மனைவி சுலோசனா அவர் சட்டையைத் துவைக்க எடுக்கும்போதே "இன்னைக்கு நைலானா?" என்பாள். பத்துக்கு எட்டு தடவை சரியாக இருக்கும். அவளை வேலைக்கு வைத்திருந்தால் கம்பெனிக்கு மெஷின் வாங்கும் செலவு மிச்சம் என்று அவர் சொல்வார், அவள் அந்தச் சட்டையை அவர் மூக்கிலேயே வைத்து அழுத்துவாள். எங்கே போகிறது நினைப்பு. வண்டியைப் பார்க்க வேண்டும். கைக்குட்டையை எடுத்து டேஷ்போர்டின் மேல் ஒரு இழுப்பு இழுத்தார். எண்ணெய் கைக்குட்டைக்கு வந்தது, அடியில் சாம்பல் பூத்த நிறம் தெரிந்தது. கண்ணாடிக்குப் பக்கத்தில் அதிகம், உள்ளே வர வரக் குறைவு. வலதுபுறக் கதவின் மேல்விளிம்பு இடதைவிட வெளுத்திருந்தது. அப்படியானால் இது வருஷக்கணக்காகத் தெற்கே பார்த்து நின்ற வண்டி, சாயங்கால வெயில் முழுக்க வலது விலாவில் வாங்கியிருக்கிறது. எட்டி ஸ்டியரிங்கைத் தொட்டார். மேல்பூச்சு இளகி, புளி தொட்ட விரல் மாதிரி ஒட்டியது. ஏசி காற்று வரும் பட்டைகளில் ஒன்று உடைந்து பசை வைத்து நிறுத்தப்பட்டிருந்தது. பெல்ட் வரும் இடத்து மூடியில் மயிரிழை விரிசல். பதின்மூன்று வருஷத்துக்கு இதெல்லாம் கணக்கில் சேராத தேய்மானம், மனிதர்களுக்குப் பல் விழுகிற மாதிரி. சீட் நகரும் தண்டவாளத்துச் சந்தில் வெள்ளையாக ஏதோ கிடந்தது. விரலை விட்டு எடுத்தார். சாக்பீஸ் துண்டு. கியர் கம்பியைச் சுற்றிய தோல் மடிப்பிலும் அதே வெள்ளைப் பொடி. டாக்டர் மருந்துச் சீட்டைச் சாக்பீஸில் எழுத மாட்டார். வாத்தியார் வண்டி என்று சொன்னால் என்ன குறைந்துவிடும் இந்த நசீர் பாய்க்கு, வாத்தியார்தான் மெதுவாக ஓட்டுவார். சாக்பீஸைத் திரும்ப அதே சந்தில் போட்டார். அதுவரை எல்லாம் வேலை. அதுவரை அவர் கை தானாகப் போய்க்கொண்டிருந்தது. இனிமேல் பார்க்க வேண்டியது ஒன்றுதான், அது முழங்காலுக்கு நேர் எதிரே, ஒன்றரை முழம் தள்ளி இருந்தது. அவர் அதைப் பார்க்காமல் சாலையில் போகும் லாரியைப் பார்த்தார்.

கார் உள்பாகம் ஒவ்வொன்றின் முதுகிலும், பிரயாணி கண்ணில் படாத இடத்தில், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம் இருக்கும். சுற்றிலும் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண்கள். நடுவில் ஒரு முள். முள்ளுக்கு இரண்டு பக்கமும் வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கம். பாகத்தை வார்க்கிற அச்சிலேயே இருக்கிற வட்டம் அது. மாதம் பிறந்ததும் அச்சைத் திறந்து ஸ்க்ரூடிரைவரால் முள்ளை ஒரு எண் நகர்த்திவிட வேண்டும், அரை நிமிஷ வேலை. அப்புறம் அந்த அச்சிலிருந்து விழுகிற ஒவ்வொரு பாகமும் தன் பிறந்த மாதத்தை முதுகில் சுமந்துகொண்டுதான் விழும். யார் வண்டியில் ஏறினாலும் எதையாவது திருப்பி அந்த வட்டத்தைப் படிப்பது பஞ்சாட்சரத்தின் பழக்கம். ஒரு கல்யாணத்துக்கு வாடகை டாக்ஸியில் போனபோது சுலோசனா அவர் கையில் அடித்தே இருக்கிறாள், அடுத்தவங்க வண்டிய நோண்டாதீங்க, டிரைவர் கண்ணாடியில பாக்கறாரு. அது அந்தக் காலம். பிறகு அவர் நோண்டுவது இந்த ஒரு மாடல் வண்டியில் மட்டும், அதிலும் ஒரே ஒரு பாகத்தை மட்டும் என்று சுருங்கிவிட்டது. இடதுபக்கம் ஏர்பேக்கை மூடியிருக்கிற மூடி. வெளியே பார்த்தால் சும்மா ஒரு பலகை. பின்னால் நடுவே ஒரு மெல்லிய கோடு ஓடும். வண்டி மோதினால் பை ஊதி, அந்தக் கோட்டில் மூடி கிழிந்து, இரட்டைக் கதவு மாதிரி திறந்துகொள்ள வேண்டும். கிழிய வேண்டும், உடையக் கூடாது. உடைந்தால் பைக்கு முன்னால் சில்லு வரும், உட்கார்ந்திருக்கிறவர் முகத்துக்கு. கிழிவதா உடைவதா என்பது பிளாஸ்டிக்கில் கலந்திருக்கும் ரப்பர் எத்தனை வருஷ வெயிலுக்குத் தாங்குகிறது என்பதில் இருக்கிறது. வருஷக்கணக்கில் காத்திருந்து பார்க்க முடியாது, அதனால்தான் சோதனை அடுப்பு. நூற்றுப் பத்து டிகிரியில் இருபத்தொரு நாள். இருபத்தொரு நாள் கழித்து எடுத்து மடக்கிப் பார்த்து, மடங்கினால் கையெழுத்து, ஒடிந்தால் அந்த லாட், கூடவே விழுந்த மொத்தத் தொகுதியும், அரைவைக்கு. அவர் கையெழுத்து. அது இல்லாமல் ஒரு மூடியும் வெளியே போகாது என்று அந்தக் கம்பெனியில் பெயர் வாங்கி வைத்திருந்தார்.

இருபத்தொன்றில் எட்டு. அந்தக் கணக்கு அவர் தலைக்குள் பதின்மூன்று வருஷமாக உட்கார்ந்திருக்கிறது, பல்லில் சிக்கிய நார் மாதிரி, நாக்கு அங்கேயேதான் போகும். இரண்டாயிரத்துப் பன்னிரண்டு. செப்டம்பர் முப்பதாம் தேதி மத்தியானம் சுலோசனாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், ஈரல். மறுநாள் ஒன்றாம் தேதி. ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி காலையில் அச்சுப் பிரிவுக்குப் போய், முள்ளத் திருப்பியாச்சா என்று கேட்கிறவர் அவர்தான், அவர் கேட்டால்தான் அவர்கள் திருப்புவார்கள், அது ஒரு வழக்கமாகவே ஆகியிருந்தது. அன்றைக்கு அவர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வரிசையில் நின்றார். யாரும் கேட்கவில்லை, யாரும் திருப்பவில்லை. அந்த வாரம் பார்த்துத்தான் புது இடத்திலிருந்து குருணை வந்தது, விலை குறைவு, பார்க்க ஒரு குறையும் இல்லை. அதில் அறுநூறு மூடி. நாலு மூடியை அடுப்பில் வைத்தார்கள். எட்டாவது நாள் கார் கம்பெனியிலிருந்து போன் மேல் போன், மூடி இல்லாமல் வண்டிகள் வரிசையில் நிற்கின்றன என்று. மேனேஜர் ரங்கராஜன் நல்ல மனுஷர், அவரைக் குறை சொல்ல முடியாது, "நீங்க சொல்றதுதான் பஞ்சாட்சரம், வேண்டாம்னா வேண்டாம், நான் பேசிக்கிறேன்" என்றுதான் சொன்னார். குறை சொல்ல ஒருவர் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அன்று காலை கட்டில் பக்கத்தில் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே ஒரு கையெழுத்துதான், போய்ட்டு வந்துடறேன் என்று சொன்னபோது சுலோசனா கண்ணைத் திறந்து, "பாதியில விட்டுட்டு ஓடி வராதீங்க. முடிச்சுட்டே வாங்க. இந்து இருக்கா" என்றாள். வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது. போனார். கையெழுத்துப் போடவில்லை என்றால் ஏன் போடவில்லை என்று எழுத வேண்டும், கார் கம்பெனி ஆட்கள் வருவார்கள், சாயங்காலம் வரை உட்கார வேண்டும். போட்டால் மூன்று நிமிஷம். அடுப்பின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தார், நாலு மூடிகளும் ஒன்றும் ஆகாதவை மாதிரிதான் கிடந்தன, எட்டாவது நாளில் எந்த மூடிக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. போட்டார். போட்டுவிட்டு, எப்போதும் செய்கிற மாதிரி குவியலிலிருந்து ஒன்றை எடுத்துத் திருப்பினார். முள் ஒன்பதில் நின்றது. அக்டோபர் பன்னிரண்டாம் தேதி, ஒன்பதில். அதை எழுதினால் லாட்டை மறுபடி நிறுத்த வேண்டும். மூடியைக் குவியலில் வைத்தார். அச்சுப் பிரிவுக்குப் போய்த் தானே ஸ்க்ரூடிரைவர் கேட்டு வாங்கி முள்ளைப் பத்துக்குத் திருப்பினார். ஒன்றரை மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்தார். "முடிஞ்சுதா?" என்றாள். "முடிஞ்சுது" என்றார். "ம், நல்லது" என்று கண்ணை மூடிக்கொண்டாள். பதினெட்டாம் தேதி போய்விட்டாள். காரியம் எல்லாம் முடிந்து நவம்பரில் வேலைக்குத் திரும்பியபோது அடுப்பில் வேறு யாரோ வைத்த கைப்பிடிகள் இருந்தன. அந்த நாலு மூடி எங்கே என்றார். அது ரிலீஸான லாட்தானே சார், எடுத்துப் போட்டுட்டோம் என்றார்கள். யாராவது ஒரு நாள் கேள்வி கேட்டுத் தேடினாலும் காகிதத்தில் அக்டோபர் என்று இருக்கும், அக்டோபர் மூடிகளைத் தேடுவார்கள், அவை பழைய குருணையில் விழுந்தவை, நல்லவையாக இருக்கும். அந்த அறுநூறும் செப்டம்பர் என்று முதுகில் எழுதிக்கொண்டு ஊர் ஊராக வெயிலில் நிற்கின்றன. நூற்றுப் பத்து டிகிரி தேவையில்லை, சித்திரை வெயிலில் சாத்திய வண்டிக்குள் எழுபது எண்பது ஏறும். இருபத்தொரு நாளும் தேவையில்லை, பதின்மூன்று வருஷம் இருக்கிறது. அடுப்பு அணையவே இல்லை, அவர்தான் திறந்து பார்க்கவில்லை.

பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது. இந்த மாடலில் இதுவரை ஏழு வண்டி பார்த்திருக்கிறார். மூன்று, பதினொன்று, ஆறு, மறுபடி பதினொன்று, இப்படி ஏதேதோ. ஒன்பது ஒருமுறைகூட வரவில்லை. ஒவ்வொரு தடவையும் மூச்சு விட்டார், ஒவ்வொரு தடவையும் அந்த மூச்சுக்காக வெட்கப்பட்டார். இப்போது முன்னால் இருக்கும் சின்னப் பெட்டியைத் திறந்தார். அதன் இரண்டு விலாவையும் உள்ளே அழுத்தினால் மொத்தமாகக் கீழே தொங்கிவிடும். தொங்கியது. மேலே இருட்டுப் பொந்து, ஒயர்கள், இரும்புத் தாங்கி, மூடியின் கால்கள். முன்பெல்லாம் தரையில் படுத்து எட்டிப் பார்ப்பார். கழுத்து இப்போது அதற்கு வராது. செல்போனில் விளக்கைப் போட்டு, பொந்துக்குள் விட்டு, குருட்டாம்போக்கில் படம் எடுத்தார். முதல் படத்தில் ஒயர். இரண்டாவதில் அவர் கட்டைவிரல். மூன்றாவதில் வட்டம் இருந்தது, கொஞ்சம் சாய்ந்து, ஆனால் தெளிவாக. இரண்டு விரலால் பெரிதாக்கினார். ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் இரண்டு. நடுவில் முள். ஒன்பது.

கண்ணாடியில் தட்டும் சத்தம். இந்துமதி மோர் டம்ளரோடு நின்றாள். போனைக் கவிழ்த்துத் தொடையில் வைத்துக்கொண்டார்.

"நசீர் பாய் குடுத்தாரு. வீட்டு மோராம். இதையும் டாக்டர் வீட்டு மோருன்னு சொல்லுவாரோன்னு பாத்தேன்." டம்ளரை நீட்டிய கையில் மணிக்கட்டுப் பட்டி இன்னும் இருந்தது. வீடு வீடாகப் போய்ப் பிசியோதெரபி செய்கிறவள். ஆறு வாரத்துக்கு முன்னால் பெருங்களத்தூர் பாலத்தடியில் ஸ்கூட்டரோடு விழுந்தாள். அன்றிலிருந்து இந்தத் தேடல். "எப்படிப்பா இருக்கு?"

"வாத்தியார் வண்டி."

"என்னது?"

"டாக்டர் இல்ல. வாத்தியார்."

"யார் வண்டியா இருந்தா என்ன, ரெண்டு ஏர்பேக். நம்ம பட்ஜெட்டுக்கு ரெண்டு ஏர்பேக்கோட வேற வண்டி இல்லப்பா, ஊரெல்லாம் பாத்துட்டேன். இந்த சீட்டு உங்களுக்குத்தான். இனிமே கண் ஆஸ்பத்திரிக்கு ஷேர் ஆட்டோவுல தொங்கிட்டுப் போக வேண்டாம். அட்வான்ஸ் குடுத்துடட்டுமா?"

"இன்னும் பாக்கல. பாத்துட்டுச் சொல்றேன்."

"பிளாஸ்டிக் கொஞ்சம் வெளுத்திருந்தாலும் பரவாயில்லப்பா. எனக்கும்தான் நரைக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மோரில் இஞ்சி அதிகம். குடித்தார். செப்டம்பர் மாதம் முழுக்க விழுந்த மூடிகளிலும் ஒன்பதுதானே இருக்கும், இரண்டாயிரம் இருக்கும், எல்லாம் பழைய குருணை, நல்ல குருணை. ஒன்பது என்று எழுதியிருப்பதாலேயே இது அந்த அறுநூறில் ஒன்று என்று ஆகாது. நாலுக்கு ஒன்று என்கிற வாய்ப்புகூட இல்லை. தெரியாது என்று விட்டுவிடலாம், அது பொய்யும் இல்லை. சரி, அந்த அறுநூறில் ஒன்றாகவே இருக்கட்டும். இந்த சீட்டு உங்களுக்குத்தான் என்றாளே. தன் கையெழுத்து போட்ட மூடிக்கு எதிரே தானே உட்கார்ந்து போவது. அதில் ஒரு நியாயம் இருக்கிற மாதிரிகூட இருந்தது, மோர் உள்ளே இறங்கின குளிர்ச்சியில் அந்த நியாயம் சுகமாக இருந்தது. எத்தனை நாள் உட்காருவார். வயசு அறுபத்தேழு. கண் ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒரு தடவை. மற்ற நாளில் யாழினி, பேத்தி, பன்னிரண்டு வயசு, முன்சீட்டுக்குத்தான் பாய்வாள், காலைத் தூக்கி டேஷ்போர்டின் மேலேயே போடுவாள், கால் பெருவிரலில் சிவப்புப் பூச்சு. வாங்கவில்லை என்றால் நசீர் பாய் நாளைக்கே வேறு ஒருவர் தலையில் கட்டுவார், அவர் வீட்டிலும் காலைத் தூக்கிப் போட ஒருத்தி இருப்பாள். தெரியாது என்பது எப்போது பொய்யாகிறது. தெரிந்துகொள்ள வழி இருக்கும்போது. வழி இருந்தது. மூடியின் கீழ் விளிம்பில் விரல்நகம் அளவுக்கு ஒரு காது உண்டு. அச்சிலிருந்து இழுத்து எடுப்பதற்கு வைத்தது, வண்டியில் ஏறின பிறகு அதற்கு ஒரு வேலையும் இல்லை. நல்ல குருணை என்றால், எத்தனை வருஷம் ஆனாலும், வெயில் நேராகப் படாத அந்தக் காது மடங்கும். மடங்கின இடத்தில் வெள்ளைக் கோடு விழும், விட்டால் மெல்லத் திரும்பி வரும். லட்சம் தடவை மடக்கியிருப்பார். கையை உள்ளே விட்டார். ஒயர்களை விலக்கி, இரும்பின் விளிம்பு புறங்கையில் உரச, காதைத் தொட்டார். மழமழப்பாக இருந்தது. கட்டைவிரலை மேலே வைத்தார். நாலு மூடி, சின்னக் கண்ணாடி, எட்டாவது நாள். மடங்கிவிடு என்று வேண்டிக்கொள்ளவில்லை, சோதனையில் வேண்டுதல் கிடையாது. ஆனால் விரல் கொஞ்ச நேரம் அழுத்தாமல் இருந்தது. கொட்டகையில் நசீர் பாய் யாரிடமோ ஒரே ஓனர் என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார். பஞ்சாட்சரம் அழுத்தினார். பெரிதாக அழுத்தக்கூட இல்லை. பொரித்த அப்பளத்தின் ஓரம் மாதிரி, டக்கென்று, கையோடு வந்துவிட்டது.

வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். முறிந்த இடம் உப்புக்கல் மாதிரி மினுமினுத்தது. வெள்ளைக் கோடு இல்லை, இழை இல்லை, ரப்பர் இருந்த சுவடே இல்லை. தோல்வி. படிவத்தில் எழுதுகிற வார்த்தை அது, ஒரே வார்த்தை, பக்கத்தில் தேதி. பயம் வரும் என்று நினைத்திருந்தார். வந்தது வேறு ஏதோ, வேலை முடிந்து அடுப்பை அணைத்த பிறகு அறையில் வருகிற அமைதி மாதிரி. பிறகு ஒவ்வொன்றாக வந்தன. கார் கம்பெனிக்கு எழுத வேண்டும், காகிதத்தில் தேடாதீர்கள், ஒன்பது என்று இருப்பதையும் பாருங்கள் என்று எழுத வேண்டும், படத்தையும் இந்தத் துண்டையும் வைத்து அனுப்ப வேண்டும், கீழே தன் பெயர். அறுநூறில் எத்தனை இன்னும் ஓடுகிறதோ, எவையாவது மோதியிருக்கின்றனவோ, அது தெரிய வரும்போது தெரியட்டும். அதெல்லாம் நாளைக்கு. இன்றைக்கு, இப்போது, கொட்டகையிலிருந்து இந்துமதி கைப்பையைத் திறந்துகொண்டே வருகிறாள். வேண்டாம் என்று சொன்னால் போதும். ஏன் என்று கேட்பாள். ஸ்டியரிங் ஒட்டுகிறது என்று சொல்லலாம், நம்புவாள். ஓனர் விஷயத்தில் பொய் சொல்கிறவன் எல்லாவற்றிலும் சொல்வான் என்று சொல்லலாம், அதையும் நம்புவாள், உள்பாகம் விஷயத்தில் அப்பா சொல்வதுதான் அவளுக்குக் கடைசி வார்த்தை. அம்மாவிடம் அன்றைக்குச் சீக்கிரம் திரும்பி வந்துவிட்டார் என்பதை அவள் இன்னும் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், எங்கப்பா வேலை வேலைன்னு கிடக்கிறவரு, அன்னைக்கு ஒன்றரை மணிக்கே வந்துட்டாரு. உண்மையைச் சொன்னால் அவளிடமிருந்து அதையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்து இறங்கினார். கால் மரத்திருந்தது.

"முடிஞ்சுதாப்பா?" என்றாள்.

குரல் சுலோசனாவின் குரல் இல்லை, இவளுக்கு அவருடைய அக்காவின் குரல். வார்த்தை மட்டும்தான் அதே வார்த்தை.

"இல்லம்மா. முடிக்கல."

"இன்னும் என்ன பாக்கணும்? அரை மணி ஆயிடுச்சு. நகருங்க, நான் ஒரு தடவை உக்காந்து பாக்கறேன்." திறந்திருந்த கதவு வழியாக அந்த முன்சீட்டில் காலை வைக்கப் போனாள்.

"அங்க வேண்டாம்" என்று அவள் தோளைப் பிடித்தார். நின்றுகொண்டிருக்கும் வண்டியில் பை வெடிக்காது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். "பின்னால உக்காரு. நானும் வரேன்."

பின்கதவைத் திறந்து அவளை முதலில் ஏறச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து துண்டை எடுத்து அவள் பட்டி கட்டின கையில் வைத்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னப்பா இது?"

"அம்மாவ உங்கிட்ட விட்டுட்டு ஒரு கையெழுத்துப் போடப் போனேனே" என்றார், "அன்னைக்கு நான் வேலைய முடிச்சுட்டு வரல."